முழங்கையில் மண்

எங்கள் ஸ்ரீராம்புரம் சந்தில் ஒரு கால்பந்து கிளப் இருந்தது. அதன் ஜெர்சிகளைத் துவைப்பது ஆட்டத்துக்கு ஒரு வீட்டின் முறை. ஆட்டம் முடிந்ததும் எல்லா ஜெர்சிகளையும் ஒரே சாக்கில் திணித்து, முறை வந்த வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை குழாயடியில் அந்தச் சாக்கைப் பிரிக்கும்போது சந்தின் பெண்கள் சுற்றி நிற்பார்கள். அவர்களில் பலர் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் யார் ஆடினான், யார் உட்கார்ந்திருந்தான் என்பதை ஜெர்சியைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்கள்.

"இன்னாடா இது, மொறமொறன்னு இருக்கு? பெஞ்சு தொடச்சிட்டு வந்தியா?" என்று அம்மா ஒரு சட்டையை உதறிக் காட்டினால், அந்தச் சட்டைக்காரன் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல வேகமாக நடப்பான். காய்ந்த ஜெர்சியைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் சந்தில் அவ்வளவு பெரிய அவமானம். இந்த வழக்கம் எப்படி வந்தது என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன். கிளப்பை ஆரம்பித்த சித்தப்பாவுக்கே தெரியவில்லை. "ஜெர்சி போட்டா நனையணும். அவ்ளோதான்" என்பார். அதற்கு மேல் கேட்டால், "நீ காலேஜுல இப்படித்தான் கேட்டுக்குனு இருந்தியா? பாவம் உங்க சார்" என்பார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. மாநகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறார். கிளப்புக்கு கோச்சும் அவர்தான். ஆட்ட நுணுக்கம் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. மைதானத்துக்கு வந்து சட்டை மாட்டிய ஒவ்வொருவனையும் கொஞ்ச நேரமாவது ஆடவைப்பதுதான் அவர் செய்த ஒரே காரியம். அணிக்கு ஏழு பேர் ஆடும் சின்னப் போட்டிகள் அப்போது எங்கள் பக்கம் நிறைய நடக்கும். அவற்றில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே போனவன் திரும்பவும் வரலாம். கீப்பரை மாற்ற நடுவரிடம் சொல்லக்கூட வேண்டாம். கையுறையைக் கழற்றி இன்னொருவனிடம் எறிந்தால் போதும். எதிரணிக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் எங்கள் பக்கம் புதிய கால்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓகலிபுரத்திலிருந்து காக்ஸ் டவுன் வரைக்கும் போய் ஜெயித்து வந்தார்கள். கோப்பைகளை வைக்க இடமில்லாமல் ஒவ்வொரு வீட்டு டிவி மேலும் ஒன்று நின்றது. எங்கள் வீட்டுக் கோப்பையில் அம்மா சீப்பு போட்டு வைத்திருந்தார்.

அப்புறம் யாரோ லீக்கில் சேரலாம் என்றார்கள். அங்கேதான் நான் வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்பா அதே மாநகராட்சியில் தெரு பெருக்குகிறவர். என் பட்டமளிப்புப் படத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டுவார். லீக் என்றால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கன்னடத்தில் பேச வேண்டும், விதிப் புத்தகம் படிக்க வேண்டும். சித்தப்பா ஒரு மாலை வந்து, "நீ மேனேஜர். ஆயிது, முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுப் போனார். பந்தை ஒருமுறைகூட உதைக்காதவள் ஒரு கால்பந்து அணியின் மேனேஜர் ஆனது அப்படித்தான்.

முதல் ஆட்டத்தன்று எதிரணி பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏன் மச்சி, மேனேஜர் பிஸ்கெட் கொண்டாந்திருக்காங்களா?" என்று கேட்டான். எங்கள் சென்டர் ஃபார்வர்ட் திரும்பிப் பார்த்து, "கொண்டாந்திருக்காங்க. உங்களுக்கு மூணு" என்றான். சொன்னபடியே எங்கள் ஆட்கள் மூன்று கோல் போட்டார்கள். அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

லீக் தொடங்கும் முன்பே விதிப் புத்தகத்தை சந்தில் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொல்லியிருந்தேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரைத்தான் மாற்றலாம், போனவன் திரும்ப வர முடியாது என்ற இடம் வந்ததும் ஒரே சத்தம்.

"அப்போ மிச்சம் பேரு?"

"பெஞ்சுலதான்."

"சட்டை?"

சித்தப்பா கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஆட்டம் முடிஞ்சதும் ஆடாதவன் கிரவுண்டைச் சுத்தி ஓடட்டும். நனைஞ்சிடும்" என்றார்.

அப்படியே நடந்தது. ஆட்டம் முடிந்து எதிரணி வேனில் ஏறிக்கொண்டிருக்கும்போது எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். தண்டனை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒரு நடுவர் என்னிடம் வந்து கன்னடத்தில், "ஏன் மேடம், ஜெயிச்சாச்சே, ஸ்வல்ப விடக்கூடாதா?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொல்லப் பார்த்தேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார்.

ஆனால் குழாயடியை ஏமாற்ற முடியவில்லை. எங்களுக்கு இரண்டு கீப்பர்கள். முதல் கீப்பர் என் அண்ணன். அண்ணனுக்கு அடிபட்டதே இல்லை. நன்றாக ஆடும் கீப்பரை யாரும் வெளியே எடுக்கவும் மாட்டார்கள். அதனால் இரண்டாவது கீப்பர், பெயிண்ட் அடிக்கும் வேலை செய்கிற அண்ணனின் சிநேகிதன், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஓடினான். அவன் சட்டை சொட்டச் சொட்ட நனைந்துதான் வரும். அம்மா அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்.

"வேர்வை இருக்கு. முழங்கையில மண்ணு எங்கடா? நீ கீப்பரா, வாட்ச்மேனா?"

குழாயடி முழுக்கச் சிரிக்கும். அவனும் சிரிப்பான். "வாட்ச்மேனும் வேணுமில்ல அத்தை" என்று குடத்தை நிரப்பிக்கொண்டு போவான். அண்ணன் பக்கத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருப்பான். அவன் சட்டை முழங்கையில் இருந்த மண்ணை அம்மா தனியாக பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும்.

சி டிவிஷனில் சேர்ந்த முதல் வருடமே பி டிவிஷனுக்கு ஏறினோம். அடுத்த வருடம் ஏ டிவிஷன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்தது. அப்போதுதான் அண்ணனுடைய விஷயமும் வந்தது.

அண்ணன் குப்பை அள்ளும் ஆட்டோ ஓட்டுகிறவன், ஒப்பந்த வேலை. ஒரு அரசுத் துறையின் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறவர் எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டுப் பேசினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. ஆனால் ஏ டிவிஷன் ஆட்டக்காரர்களைத்தான் ட்ரையலுக்கே கூப்பிடுவார்கள். பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும். அண்ணன் ஆறாவதோடு நின்றவன். நான்தான் முன்பே அவனை உட்காரவைத்து, பிரைவேட்டாகப் பத்தாவது எழுதவைத்திருந்தேன். கணக்குப் பரீட்சையில் அவன் தேறியது என் பட்டத்தைவிடப் பெரிய சாதனை என்று இப்போதும் சொல்வேன். அந்தத் தடை அப்படித் தாண்டியாயிற்று. வயது மட்டும் இழுத்தது. அந்த வருடம் விட்டால் மறு வருடம் அவனுக்கு வயது தாண்டிவிடும்.

ஆக, கடைசி ஆட்டம் ஜெயித்தால் கிளப் ஏ டிவிஷனுக்குப் போகும், அண்ணன் ட்ரையலுக்குப் போவான். சந்தில் எல்லோருக்கும் இது தெரியும். கோயிலில் கற்பூரம் ஏற்றினார்கள், மூலையில் இருந்த புத்தர் படத்துக்கும் மாலை போட்டார்கள். எதையும் விடவில்லை.

அன்று வேலை நாள். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. முந்தின மாலையே ஆட்டக்காரர் பட்டியலை எழுதி சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வைட்ஃபீல்டுக்குப் போனேன். எங்கள் அலுவலகத்தில் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலையில் எடுத்துப் பார்த்தபோது எங்கள் லெஃப்ட் பேக்கிடமிருந்து செய்திகளாக வந்து குவிந்திருந்தன. அவனை இடைவேளையிலேயே வெளியே எடுத்துவிட்டார்களாம். அதனால் சும்மா உட்கார்ந்து எனக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான்.

மெட்ரோவில் நின்றபடி முதலிலிருந்து படித்தேன். ஒன்று–சைபர். பாதி ரயிலுக்குக் கேட்கும்படி ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன். எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு–சைபர். இன்னார் வெளியே, இன்னார் உள்ளே. 'அண்ணன் ஒரு பந்து தட்டினாரு அக்கா, செம.' மறுபடி இன்னார் வெளியே, இன்னார் உள்ளே. கடைசியில், 'இன்னும் கொஞ்சம்தான். அண்ணன் வெளியே வந்துட்டாரு. வாட்ச்மேன் எறங்கிட்டான் அக்கா, வாட்ச்மேன் எறங்கிட்டான்.' அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். பிறகு, 'ஜெயிச்சிட்டோம்.'

நான் திரும்ப மேலே போய் வெளியே போனவர்களை விரல் விட்டு எண்ணினேன். ரயில் இன்னொரு நிலையம் தாண்டியது. மறுபடி எண்ணினேன். கீப்பரைச் சேர்த்தால் ஆறு.

சந்துக்குள் நுழையும்போதே தமுக்குச் சத்தம் கேட்டது. அப்பா ஆடிக்கொண்டிருந்தார். அவர் ஆடி நான் அதுவரை பார்த்ததில்லை. சித்தப்பாவை ஓரமாக இழுத்தேன்.

"இன்னிக்கி எத்தன பேர மாத்துனீங்க?"

"அஞ்சு. நீ சொன்ன அஞ்சுதான். ஏன்?"

"கீப்பரோடயா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "கீப்பர் எதுக்கு கணக்குல? கீப்பர் எப்பவும் தனிதானே."

"யாரு சொன்னது தனின்னு?"

"யாரு சொல்லணும்? எப்பவும் அப்படித்தான்."

புத்தகத்தில் கீப்பர் தனி என்றும் இல்லை, தனியில்லை என்றும் இல்லை. ஐந்து என்றிருந்தது, அவ்வளவுதான். படித்த எனக்கு ஐந்து என்றால் எல்லோரையும் சேர்த்து ஐந்து. மண் தரையில் ஏழு பேர் ஆட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்குக் கீப்பர் கையுறையை எறிவது மாற்றமே அல்ல, தண்ணீர் குடிப்பது மாதிரி. ஒரே சொல்லைக் கேட்டு நாங்கள் இரண்டு வேறு ஆட்டங்களை மனதில் வைத்திருந்தோம் என்பது அந்த நிமிடம்தான் எனக்கும் தெரிந்தது. மாற்றங்களைக் குறித்துக்கொள்ள மைதான ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரியும் அன்று தடுக்கவில்லையாம். "கீப்பர் சேஞ்ச் சார்னு சொன்னேன், தலையாட்டினாரு" என்றார் சித்தப்பா. அதற்குள் அவர் முகம் மாறியிருந்தது.

"யாரும் கவனிக்கலன்னா?" என்று கேட்டார்.

தமுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

கவனித்தார்கள். எதிரணி மறுநாளே புகார் கொடுத்தது. ஆட்டம் அவர்களுக்குப் போனது. நான் லீக் அலுவலகத்துக்குப் போய், எனக்குத் தெரிந்த கன்னடம், ஆங்கிலம் எல்லாவற்றிலும் வாதாடிப் பார்த்தேன். தடுக்க வேண்டியவர் தலையாட்டினாரே என்றேன். எண்ணிப் பார்க்க வேண்டியது கிளப்தான் என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரி. ஏ டிவிஷன் போயிற்று. அண்ணனை ட்ரையலுக்கு யாரும் கூப்பிடவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அண்ணனை வெளியே வரச் சொன்னது யார் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். கோபத்தில் அல்ல. ஒரு காரியம் எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஒவ்வொருவராகக் கேட்டேன். பழியை அடுத்தவன் மேல் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அலுவலகத்தில் அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

சித்தப்பா, "நான்தான் மாத்துனேன். கோச்சு நானா, நீயா?" என்றார். சென்டர் ஃபார்வர்டை டீக்கடையில் பிடித்தேன். "நான்தான் சொன்னேன், ரெண்டு கோல் இருக்கு, பாவம் அவன் ஆடட்டுமேன்னு" என்றான். லெஃப்ட் பேக், பெஞ்சிலிருந்து தான் கத்தியதால்தான் என்று சத்தியம் செய்தான். இரண்டாவது கீப்பர் சாரத்தில் நின்று சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தான். கீழே நின்று கேட்டேன்.

"நான்தான் கேட்டேன் தங்கச்சி. ஒரே ஒரு வாட்டி உடுறான்னு கேட்டேன்." பட்டித் தகட்டைச் சுவரில் இழுத்தபடியே சொன்னான். என்னைப் பார்க்கவில்லை.

எல்லோரும் உண்மை சொல்லியிருக்க முடியாது. எல்லோரும் பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை. அண்ணனிடம் மட்டும் அப்போது நான் கேட்கவில்லை. அவன் ஆட்டோவைக் கழுவும் நேரம்கூட அதிகமாகிவிட்டிருந்தது.

கிளப் உடனே விழுந்துவிடவில்லை. அடுத்த வருடமும் பி டிவிஷனில் ஆடினோம். ஆனால் சென்டர் ஃபார்வர்டை ஒரு பெரிய கிளப் அழைத்துக்கொண்டது. இரண்டு பேர் ராத்திரி ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் மாற்றுவதற்கு ஆளே இல்லாமல் சரியாகப் பதினோரு பேர் மட்டும் போனோம். அன்று எல்லாச் சட்டையும் நனைந்து வந்தது. குழாயடியில் யாருக்கும் கிண்டல் பண்ண ஒன்றும் இருக்கவில்லை. அம்மா சாக்கைக் கவிழ்த்துவிட்டு, "ஒண்ணுகூட காயலையா?" என்று கேட்டார். கிளப் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். நாங்கள் பயிற்சி எடுத்த மைதானத்தைச் சுற்றி வலை கட்டி, பச்சைத் தரை விரித்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார்கள். சி டிவிஷனுக்கு இறங்கினோம். அதற்கடுத்த வருடம் சேர்வதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய நாளில் சித்தப்பா என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மிச்சம் இருக்கிறவர்கள் அந்தப் பழைய ஜெர்சிகளை மாட்டிக்கொண்டு காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய் ஆடுகிறார்கள். அங்கே யாரும் எதையும் எண்ணுவதில்லை. துவைக்கும் முறையும் நிற்கவில்லை. என் சம்பளத்தில் வீட்டுக்கு மெஷின் வாங்கியிருக்கிறேன். அம்மா சாக்கை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டையாகப் பார்த்துத்தான் உள்ளே போடுவார். "மொத்தமா கொட்டிடும்மா, அதுக்குத்தான் மெஷின்" என்றால், "அப்புறம் யாரு ஆடுனான்னு உன் மெஷின் சொல்லுமா?" என்பார்.

போன மாதம் அப்படி ஒரு ஞாயிறு மாலையில், அண்ணனும் நானும் வாசல்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு இன்னும் அதே ஆட்டோ, அதே ஒப்பந்தம். அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"உன்னை வெளியே வரச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன். கையுறையக் கழட்டி எறிஞ்சேன். அவன் புடிச்சான். அதுக்கப்புறம்தான் சித்தப்பா மேசைகிட்ட ஓடுனாரு."

"அப்போ மத்தவங்க எல்லாம் ஏன் நான்தான் நான்தான்னு சொன்னாங்க?"

"என்னைக் கேட்டா? அவனுங்களப் போய்க் கேளு" என்றான். பிறகு, "எனக்கு வேல போச்சுன்னு தெரியுமில்ல. நானே கெடுத்துக்குனேன்னு ஊரு பேசக்கூடாதுன்னு இருக்கும்" என்றான்.

"ஏன் வந்தே?"

உள்ளே அம்மா சாக்கைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வருஷமா வாட்ச்மேன், வாட்ச்மேன்னு. சிரிச்சிக்குனேதான் போவான். ஒருநாள் ஆட்டம் முடிஞ்சி ஓடுனானா, ஓடி முடிச்சிட்டு, கோல் போஸ்டுக்குப் பின்னால போய் முழங்கைய மண்ணுல தேச்சிக்குனு இருந்தான். நான் பாத்தேன். அவனுக்குத் தெரியாது."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "கீப்பரும் கணக்குல வரும்னு தெரிஞ்சிருந்தா?"

"வந்திருக்க மாட்டேன்" என்றான் உடனே. "சத்தியமா வந்திருக்க மாட்டேன். அந்த வேலைய நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது." டீயை முடித்து டம்ளரைக் கவிழ்த்தான். "ஆனா ஒண்ணு. எறங்குன ஒடனே லெஃப்ட்ல இருந்து ஒரு பந்து வந்துது பாரு. படுத்துப் புடிச்சான். நான் புடிச்சிருப்பனான்னு தெரியல."

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "டேய். இது யாரோடது, மொறமொறன்னு?"

அம்மா வாசலுக்கு வந்து உதறிக் காட்டியது அண்ணனுடைய ஜெர்சி. நான் அவனைப் பார்த்தேன்.

"இன்னிக்கி முழு ஆட்டமும் அவனே நின்னான்" என்றான் அண்ணன். "எனக்கு முட்டி வலி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் அம்மா.

அண்ணன் எழுந்து அம்மா கையிலிருந்த ஜெர்சியை வாங்கித் தலைவழியே மாட்டினான். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, சந்தின் முனை வரைக்கும் ஓடினான், அங்கிருந்து ரயில் பாதைப் பக்கம் திரும்பினான். வலிக்கும் முட்டியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினான். பால் வாங்கப் போனவர்கள் வழிவிட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் சந்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழற்றி நீட்டினான். அம்மா வாங்கி, இரண்டு கையையும் திருப்பி, முழங்கை இருக்கும் இடத்தைப் பார்த்தார்.

"வாட்ச்மேன் வந்துட்டாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதை மற்ற சட்டைகளோடு மெஷினுக்குள் போட்டார்.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.